பலாக்கட்டைமேல் கைக்கடிகாரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், இலங்கையில் எங்கள் மாத்தளைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பெரிய கிளாக்கர், வெளுத்த பனியனும் தடித்த கண்ணாடியுமாக, ஞாயிறுதோறும் தன் பழைய காரை ஜாக்கில் தூக்கி அடியில் புகுந்துகொள்வார். ஜாக் சறுக்கினால் நசுங்கிப்போவாரே என்று, முட்டுக்கொடுக்க இரண்டு பலாக்கட்டை அறுத்துக் கொடுத்தேன். மனிதர் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதில் ஒன்றின்மேல் வைத்தார்.

"கட்டையக் காருக்கு அடியில வைங்கய்யா."

"ஜாக் இருக்குதானே தம்பி. மணிக்கூட்ட மண்ணுல வச்சா தூசி ஏறிரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் அவர் ஸ்பேனர் எடுக்க வெளியே வந்த நேரம், ஜாக் சரிந்து கார் தரையில் இடித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த அவர் மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கிளாக்கர் கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஓடுது" என்றார்.

அந்த அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம், பாவி மனிதர்.