பிரேக்கக்காவும் உள்ளே இருக்கும் ஆளும்

இருக்கைக்கு அடியில் உள்ள கம்பியைத் தூக்கிப் பிடித்து, ஓர் உந்து உந்தி, இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போகிறாள் பிரேக்கக்கா. வாரத்துக்கு வாரம் வயிறு முன்னால் வருகிறது, அவள் பின்னால் போகிறாள். கால் மட்டும் எப்படியோ நீண்டு தன் பக்கத்து பிரேக்கை எட்டிவிடுகிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கென்று தனியாகப் பொருத்திய பிரேக் அது. பட்டப்பெயர் அதனால் வந்தது. முதுகுக்குப் பின்னால்தான் வைத்தார்கள். அவளோ போனை எடுத்ததும், “பிரேக்கக்கா பேசறேன், சொல்லுங்க” என்பாள்.

ஒன்பதாம் மாதம் தொடங்கிவிட்டது. சீட் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு, வயிற்றையே மேசையாக்கி பிஸ்கட் பொட்டலத்தை அதன்மேல் வைத்திருப்பாள். சில நேரம் பொட்டலம் தானாகத் துள்ளிக் கீழே விழும். “எங்க ஆளுக்கு இந்த பிஸ்கட் ஆகாது போல. கொஞ்சம் எடுத்துக் குடுங்க, என்னால குனிய முடியாது.” யாராவது சடாரென்று வண்டியை நிறுத்தினால் உள்ளேயிருந்து ஓர் உதை வரும். “பாத்தீங்களா, பின்னாடி வண்டிக்காரன் திட்டறதுக்கு முன்னாடி இது திட்டிடுச்சு. அவசரத்துல அண்டாவுலகூட கை நுழையாது. மெதுவா.”

விக்கல் வந்துவிட்டால் பாடம் நின்றுவிடும். அவளுக்கு அல்ல, பிள்ளைக்கு. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, டிக் டிக்கென்று எகிறும் வயிற்றைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள். இந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று பழைய மாணவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

எதிரே லாரியைப் பார்த்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டவர்களோடெல்லாம் உட்கார்ந்து வந்தவள். அவளுக்கும் இப்போது ஒரு பயம். பிள்ளை தலையை மேலே வைத்துக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. விலாவுக்குக் கீழே கெட்டி உருண்டையாகத் தலை தட்டுப்படும். உதையெல்லாம் அடிவயிற்றில். “இன்னும் இடமிருக்கு, திரும்பலாம். திரும்பலன்னா ஆபரேஷன்தான்” என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கத்தி என்றாலே அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். அதைக் கணவனிடம் மட்டும்தான் சொன்னாள்.

போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவன், வீட்டுக்கு வந்ததும் வயிற்றருகே குனிந்துகொள்வான். “பெரியவங்க சொன்னா கேக்கணும். தலையைக் கீழ கொண்டு வா.”

“நீங்க என்னிக்குப் பெரியவங்க சொன்னதைக் கேட்டீங்க, அது கேக்கறதுக்கு? நகருங்க.” பிறகு அவளே வயிற்றைத் தடவி, பாடம் நடத்தும் குரலில் ஆரம்பிப்பாள். “பக்கத்துல ஒண்ணும் இல்ல. பயப்படாம, மெல்லமா வளைச்சு...”

நேற்று ஓட்டியது, லைசென்ஸ் தேர்வில் ஏற்கெனவே தோற்றுப்போன, வங்கியில் வேலை பார்க்கும் வங்கி அக்கா. இரண்டு பிள்ளை பெற்றவர். பள்ளிக்கூடத் தெருவில் நேராகப் போய்க்கொண்டிருக்கையில், “நிறுத்துங்கக்கா” என்றாள் பிரேக்கக்கா. வயிறு ஒரு பக்கமாகக் கோணி எழுந்து, உள்ளே பெரிதாக ஏதோ புரண்டு, அடங்கியது.

“வலிக்குதா?”

“இல்லக்கா. என்னமோ உருண்டுச்சு.” விலாவுக்குக் கீழே தடவிப் பார்த்தாள். உருண்டையைக் காணோம். கை வைத்த இடத்திலேயே ஓர் உதை விழுந்தது. இத்தனை நாளில் அங்கே உதை வாங்கியதே இல்லை. “கால் மேல வந்துடுச்சுக்கா.”

வங்கி அக்காவும் தொட்டுப் பார்த்தார். “என் பெரியவன் கடைசி மாசம் முழுக்க இங்கதான் உதைச்சான். திரும்பிடுச்சுடி. எதுக்கும் நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிடு.”

“அப்போ கத்தி வேணாம்லக்கா?” கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

“வேணாம்னுதான் நினைக்கிறேன். அழாத.”

கார் நின்றிருந்தது நட்டநடுத் தெருவில். பின்னால் சேர்ந்துவிட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடிக்கத் தொடங்கின. வங்கி அக்கா பதறிப்போய், வண்டியைக் கிளப்பச் சாவியைத் தேடினார். பிரேக்கக்கா ஒரு கையை வயிற்றிலிருந்து எடுக்கவே இல்லை. மறு கையை ஜன்னல் வழியாக வெளியே நீட்டி, எல்லோரையும் தாண்டிப் போகச் சொல்லி மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தாள்.