அண்ணனும் மார்கழியில் மக்கர் செய்யும் வண்டியும்

எங்கள் அண்ணன் விழிதியூரில் பிறந்தவர். பிறந்த தேதியில் மட்டும் இரண்டு கட்சி உண்டு. ஜாதகப்படி ஆவணி மாதம், அவிட்ட நட்சத்திரம். பள்ளியில் சேர்க்கப் போன எங்கள் தந்தையார், வயது பற்றாது என்று வாத்தியார் சொன்னதும், ஜூன் மாதத்தில் ஒரு தேதியைச் சொல்லிச் சேர்த்துவிட்டு வந்தார். அரசாங்கம் அண்ணனை ஓய்வு பெற வைத்தது ஜூன் கணக்கில். அண்ணி பாயசம் வைத்தது ஆவணிக் கணக்கில். அண்ணனுக்காக நாங்கள் போடும் இந்த நினைவு மலரின் அட்டையில் ஆவணியையே போடச் சொல்லியிருக்கிறேன். தேதி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் என்பது உறவினர்கள் அறிந்ததே.

தந்தையார் காலமானபோது சம்பா அறுவடைக்கு முன்பே மழையில் படுத்துக் கிடந்தது. அண்ணன் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார். அதற்கு மேல் படிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே தேர்வு எழுதி, காரைக்காலில் அரசு அலுவலகம் ஒன்றில் கிடங்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் தங்கையைக் கட்டிக் கொடுத்ததும் அந்தச் சம்பளத்தில்தான். யாரையும் அதட்டிப் பேசியதில்லை. தன் மோட்டார் சைக்கிளைத் தவிர.

அது அவர் மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆண்டில் ஒரு நண்பரிடமிருந்து வாங்கிய பழைய வண்டி. சுனாமி வந்த மறுநாள் அதில் அரிசியும் தண்ணீர் கேன்களும் கட்டிக்கொண்டு கடலோரத்துக் கிளிஞ்சல்மேட்டுக்குப் பல நடை போனார். ஒரு நடையில் வண்டி உப்புத் தண்ணீர்ச் சேற்றில் சாய்ந்து, மூடி சரியாக இல்லாத டேங்கில் தண்ணீர் புகுந்தது. தாம் போய் உதவியதை அவர் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் டேங்குக்குள் அன்று பிடித்த துரு பிறகு விடவே இல்லை. துருத்தூள் இறங்கிக் கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையை அடைக்கும். பனிக்காலத்தில் வண்டி கிளம்பாது. இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. பெட்ரோல் குழாயைத் திறந்தபடி நிறுத்தினால் கார்பரேட்டர் வழிந்து, காலைக்குள் டேங்கில் பாதி தரையில் இருக்கும்.

"நம்மூர்ல பெட்ரோலு வெல கம்மிங்கறதுக்காக தரைக்கும் ஊத்தணுமா?" என்பார் அண்ணி.

"தரையும் நம்ம ஊரு தரதானே" என்பார் அண்ணன்.

இதற்காக அவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது தெரு முனையிலேயே குனிந்து குழாயை மூடிவிடுவார். கார்பரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் வண்டி வாசல் வரை வந்து, தானே அடங்கும். கிளப்பும்போது முதலில் குழாயைத் திறப்பார். சோக்கைத் தூக்குவார். சாவி போடாமல் இரண்டு மூன்று தடவை மெதுவாக மிதிப்பார். பிறகுதான் சாவி. கிளம்பியதும் சோக்கை இறக்கிவிட்டு, எஞ்சின் சூடாக மதகு வரை தனியாக ஒரு சுற்றுப் போய் வருவார். அதற்குப் பிறகே அண்ணியை ஏற்றிக்கொள்வார்.

சென்ற மார்கழியில் அண்ணிக்குக் கண்ணில் புரை முற்றியிருந்தது. மருத்துவரைப் பார்க்கக் காலையிலேயே டோக்கன் வாங்க வேண்டும். "சீக்கிரம் கெளப்புங்க, நின்னுகிட்டு பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி புடவை மாற்ற உள்ளே போனார். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு. வாசலில் நடப்பது எதுவும் உள்ளே கேட்கவில்லை. அவர் வெளியே வந்தபோது அண்ணன் வண்டியின் பக்கத்தில் சரிந்து கிடந்தார். சாவி சட்டைப் பையில் இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்வம் ஓடிவந்து, ஆட்டோ வருவதற்கு வழிவிட வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளினார். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையில், மாரடைப்பு, உயிர் பிரிந்துவிட்டது என்றார்கள்.

"நாந்தான் அவசரப்படுத்துனேன். அந்தக் குளிர்ல ஒதச்சி ஒதச்சியே போயிட்டாரு." துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அண்ணி இதைத்தான் சொன்னார். தூக்கத்திலும் இப்படி நேர்ந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிய வண்டியை யாரையும் தொடவிடவில்லை. கண் சிகிச்சைக்கும் போக மறுத்துவிட்டார். "அந்த டோக்கனுக்குத்தானே அவரு போனாரு" என்பார். ஆண்டு முழுவதும் எங்கள் குடும்பத்தின் கவலை இதுவாகவே இருந்தது.

தலைத்திவசத்துக்கு முன்னதாக அண்ணன் மகள் விடுப்பில் வந்தாள். சமையலுக்கு அந்தக் கொட்டகையை ஒழிக்க வேண்டும் என்றதும், "அந்த வண்டிய எடைக்குப் போட்டுரு, என் கண்ணுல படவேணாம்" என்றார் அண்ணி.

"போடுறேம்மா. ஒரு தடவ ஓடவிட்டுட்டுப் போடுறேன்" என்றாள் மகள்.

நானும் செல்வமும் உடனிருந்தோம். தார்ப்பாயை நீக்கியதும் அவள் பெட்ரோல் குழாயைத்தான் முதலில் பார்த்தாள். மூடியிருந்தது. டேங்கில் பெட்ரோல் கெட்டுப்போய் வார்னிஷ் நாற்றம் அடித்தது. ஆனாலும் இருந்தது. சோக் இறங்கியிருந்தது. பிளக்கைக் கழற்றினாள். சோக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓயாமல் உதைத்திருந்தால் கரி படிந்து கறுத்திருக்கும். இது காய்ந்து, நல்ல பழுப்பாக இருந்தது. கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்தைத் திறந்தாள். பெட்ரோல் தேங்கி நின்றிருந்தால் பிசின் கட்டியிருக்கும். அது வறண்டு கிடந்தது, மூலையில் துருத்தூள் மட்டும்.

அவள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "சித்தப்பா, அப்பா பெட்ரோல் டேப்ப எங்க மூடுவாரு?"

"தெரு முனையில."

"அப்ப அன்னைக்கும் மூடிட்டுத்தானே வந்திருக்காரு?"

"மொத நா சாயங்காலம் மூடுனதா இருக்கலாமேம்மா. அன்னைக்குத் தொறக்கவே இல்லாம இருக்கலாம்" என்றேன். நிச்சயமில்லாத ஒன்றை அண்ணியிடம் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

"வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு? கெளம்புற வண்டின்னா தெருவப் பாத்துல்ல நிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. செல்வம் யோசிக்கவே இல்லை. "வீட்டப் பாத்துத்தான். இல்லன்னா நேரா உள்ள தள்ளியிருக்க முடியுமா? அந்த அவசரத்துல சைலன்சர் வேற பட்டு வெந்துபோச்சு."

மகள் எழுந்து நின்றுவிட்டாள். "என்ன சொன்னீங்க?"

"கால்ல சுட்டுகிட்டேம்மா. எழவு வூட்டுல போயி எங்காலப் பாரு, எங்காலப் பாருன்னா சொல்லிகிட்டுத் திரியறது?"

"யோவ் செல்வம்," என்றேன், "கிளம்பாத வண்டி எப்படிய்யா சுடும்?"

செல்வம் குனிந்து தன் காலைப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அண்ணி நேராகக் கொட்டகைக்கு வந்தார்.

"எங்க, காலக் காட்டு."

செல்வம் வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். தீய்ந்த தழும்பு. பார்வை மங்கியிருந்ததால் அண்ணி குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்பா வண்டியக் கெளப்பிட்டாரும்மா" என்றாள் மகள். "மதகு வரைக்கும் போயிட்டு வந்து, டேப்ப மூடிட்டு, சாவிய எடுத்துப் பையில போட்டுட்டு, ஒனக்காக நின்னிருக்காரு."

அண்ணி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அழுதார். நாங்கள் யாரும் தேற்றப் போகவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொடவ கட்ட இம்புட்டு நேரமான்னு என்னத் திட்டிகிட்டுத்தான் நின்னிருப்பாரு" என்றார். ஓராண்டில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம். செல்வத்தைப் பார்த்து, "ஏன்டா படுபாவி, இத ஒரு வருசம் காலுக்குள்ளயா வச்சிருந்த?" என்று கேட்டார்.

பிறகு வேலை சுலபமாக நடந்தது. பழைய பெட்ரோலை வடித்து, டேங்கை அலசி, கார்பரேட்டரின் சிறு துளையை மெல்லிய செம்புக் கம்பியால் குத்தி ஊதி, புதுப் பெட்ரோல் ஊற்றினோம். அண்ணனுடைய முறைப்படியே மிதித்தோம். கொஞ்சம் மக்கர் செய்துவிட்டுக் கிளம்பியது. அண்ணி வண்டியை எடைக்குப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமே மகளோடு டோக்கன் வாங்கப் போனார். வலக் கண்ணில் சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கிறது. இடக் கண்ணுக்குத் தை பிறந்ததும் நாள் குறித்திருக்கிறார்கள்.

அண்ணன் நோயில் கிடக்கவில்லை. யாரையும் சிரமப்படுத்தவில்லை. கடைசிக் காலையில் எதனோடும் போராடவும் இல்லை. இதை நாங்கள் நிச்சயமாகத் தெரிந்துகொண்ட பிறகே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

அன்று ஆட்டோவை வாசல் வரை கொண்டுவந்த தம்பிக்கும், காரியங்கள் முடியும் வரை எங்கள் வீட்டு அடுப்பைக் கவனித்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும், தொலைவிலிருந்து வந்து உடனிருந்த சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்வத்துக்குத் தனியாக நன்றி சொல்லப் போனபோது, "அண்ணி தெனம் கூப்புட்டு வெச்சு கால்ல எண்ண தடவச் சொல்றாங்கண்ணே, அது ஆறி ஒரு வருசமாச்சு" என்றார். தடவிக்கொள்ளச் சொன்னேன்.