நூற்றுப் பதினான்கு பேருக்கு ஒரே லைசென்ஸ்

1. விருந்தாளி

எங்கள் கம்பெனியைச் சோதிக்க வந்த மனிதருக்கு விமான டிக்கெட் காசு கட்டியது நாங்கள்தான். அவருடைய ஹோட்டல் அறை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் எங்கள் கணக்கில். இது லஞ்சம் இல்லை, சட்டம். காசு அனுப்பும் தொழிலுக்கு லைசென்ஸ் தருகிற மாநிலம் தான் நினைத்த நேரத்தில் ஒரு எக்ஸாமினரை அனுப்பலாம். அவர் வந்து போகிற செலவு லைசென்ஸ் வைத்திருப்பவன் தலையில். தூக்கில் போட வருகிறவருக்கு டாக்ஸி பிடித்துக் கொடுக்கும் பாக்கியம் எல்லாத் தொழிலிலும் கிடைக்காது.

கடை ஒன்டாரியோ மாகாணத்து அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவுக்குள், ரொட்டிக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்குக் காசு அனுப்புவதுதான் தொழில். எல்லைக்கு அங்கால், அமெரிக்க மாநிலம் ஒன்றில் இருந்த எங்கள் ஆட்களும் போன் எடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். முதலாளி ரவி அண்ணை அந்த மாநிலத்து லைசென்ஸுக்கும் விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் கம்ப்ளையன்ஸ் ஆபீசர், அதாவது எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கிறவர், என்று ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு பெயர் வேண்டும். நான் முன்பு வங்கியில் வேலை செய்தவள், ஆங்கிலம் ஒழுங்காக எழுதுவேன், மறுத்துக் கதைக்க மாட்டேன். மூன்றாவதுதான் முக்கியமான தகுதி என்று பிறகு விளங்கியது.

"உது சும்மா ஒரு பேர் தங்கச்சி. வருசத்துக்கு ஒருக்கா சைன் வச்சாக் காணும்," என்றார் ரவி அண்ணை.

வைத்தேன். எல்லா வாடிக்கையாளருடைய அடையாளமும் சரிபார்க்கப்பட்டது, அதை நானே பரிசீலித்தேன் என்று ஒரு பக்கம். ஐந்து வருசம், ஐந்து கையெழுத்து. பரிசீலனை ஒன்றும் நடக்கவில்லை, கையெழுத்து மட்டும் வருசத்துக்கு வருசம் அழகாகி வந்தது.

2. பெட்டி

எக்ஸாமினர் மெலிந்த மனிதர். தேயிலைப் பைகூடத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். ரவி அண்ணை நீட்டிய மட்டன் ரோலைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி, நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார். ரோலும் பதிவாகிவிட்டது.

இரண்டாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு லாப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அவருடைய மாநிலத்தில் வாழ்கிற நூற்றுப் பதினான்கு பேர் ஒரே டிரைவிங் லைசென்ஸ் நம்பரில் காசு அனுப்பியிருந்தார்கள். அதுவும் ஒன்டாரியோ லைசென்ஸ். இந்த நம்பருக்குரியவர் யார் என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். கவுண்டரில் செல்வி அன்ரி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு யாரிடமோ பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நம்பருக்குரியவர் அவர்தான்.

செல்வி அன்ரிக்கு அறுபத்து மூன்று வயது. அங்கால் பக்கத்தில் இருந்து காசு அனுப்பச் சொல்லும் ஓடர்கள் எல்லாம் போனில் அவரிடம்தான் வரும். சட்டப்படி அவர்கள் தங்கள் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். "பிறகு அனுப்புறன் அன்ரி" என்பார்கள். தாய் ஆஸ்பத்திரியில் இருப்பார், அல்லது அடுத்த நாள் தகப்பனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியாக இருக்கும். கம்ப்யூட்டரோ, ஐடி நம்பர் பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அன்ரி தன்னுடைய நம்பரைப் போட்டு நிரப்பினார்.

பின்னால் இருந்த சின்னச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் விளங்கவில்லை.

"எல்லாம் எனக்குத் தெரிஞ்ச சனம் பிள்ளை. ஒருத்தருக்குப் பிணை நிக்கிறதெண்டா எங்கட பேரைத்தானே குடுப்பம்? பொய் நம்பர் போடச் சொல்லுறீரோ?"

பொய் நம்பர் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பொய் சொல்ல மனம் வராததால் பிடிபட்டார். எக்ஸாமினருடைய சாஃப்ட்வேர்படி அவர் நூற்றுப் பதினான்கு பெயர்களுக்குள் ஒளிந்திருந்து, யாழ்ப்பாணப் பக்கத்தில் உள்ள ஊர் எல்லாவற்றுக்கும் காசு கடத்துகிற பெண்மணி. அந்தப் பெண்மணி அன்று மதியம் பிளையர் என்கிற கடை விளம்பரத் தாளில் வந்த வெங்காய விலையைப் பார்த்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வேறு கடைக்குப் போனார்.

3. அதிகாரம்

சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டிய லைசென்ஸ் நம்முடையது என்று இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் நினைப்பார்கள். அது மாநிலத்துடையது. பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த கிழமை வந்த கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்கே இது உறைத்தது. லைசென்ஸ் உடனடியாக இடைநிறுத்தம். ஒவ்வொரு மீறலுக்கும் தனித்தனி அபராதம் போடலாம். நாங்கள் கட்டி வைத்த பிணைப் பணத்தில் கை வைக்கலாம். எங்களைச் சத்தியம் செய்யவைத்து விசாரிக்கலாம். கடைசிப் பந்தியில், தவறு செய்த தனி ஆளை இந்தத் தொழிலில் இருந்தே விலக்கி, பெயரை இணையத்தில் போடலாம் என்று இருந்தது. ரவி அண்ணை அந்தப் பந்தியை மட்டும் மூன்று தரம் வாசித்தார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் தொடங்கியது. 'உங்கள் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள்' என்று பெரிய எழுத்தில் நான்கு போஸ்டர் அடித்து ஒட்டினோம். ஒன்று கழிப்பறைக்குள்ளும் ஒட்டப்பட்டது. பிறகு கம்பெனி வக்கீல் வந்தார். அவர் நான் சத்தியம் செய்து ஒப்பமிட ஒரு வாக்குமூலம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். ஊழியர் ஒருவர், தன்னிச்சையாக, வேண்டுமென்றே, கம்பெனிக்கோ எனக்கோ தெரியாமல் இதைச் செய்தார் என்று அதில் எழுதியிருந்தது.

நான் அதில் கையெழுத்து வைத்தால் கம்பெனிக்குச் சின்ன அபராதத்தோடு லைசென்ஸ் திரும்பி வரும். செல்வி அன்ரிக்கு வேலை போகும், பெயரும் அந்தப் பட்டியலில் ஏறும். பெயர் ஏறினால் வேறு எந்தக் காசுக் கடையும் அவரை எடுக்காது. பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருசம் இருந்தது. அவருடைய கணவர் டயாலிசிஸில் இருந்தார். மருந்துக்குக் காசு கட்டியது எங்கள் கம்பெனி இன்சூரன்ஸ்தான்.

ரவி அண்ணைக்கு மிகுந்த கவலை. "அன்ரி பாவந்தான், எனக்கு விளங்காமலில்லை. ஆனா ஆரோ ஒராளிட தலையில போடத்தானே வேணும் தங்கச்சி," என்றார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. கையெழுத்து வைக்கும் முடிவோடுதான் நான் பிக்கரிங்கில் இருக்கிற என் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை காலையில், விசாரணையில் ஏதாவது கேட்டால் சொல்வதற்காகப் பழைய ஈமெயில்களைத் திறந்தேன். ஒரே நம்பரில் பல பேர் காசு அனுப்பினால் சாஃப்ட்வேர் மாதம் ஒரு ரிப்போர்ட் அனுப்புமாம். எனக்குத்தான் அனுப்பியிருந்தது. வந்ததையெல்லாம் நான் திறந்து பார்க்காமல் ஒரு ஃபோல்டருக்குள் ஒழுங்காக அடுக்கியிருந்தேன். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் முதல் வரியில் செல்வி அன்ரியின் நம்பர் இருந்தது. முதல் ரிப்போர்ட்டில் ஆறு பேர்தான்.

எனக்குத் தெரியாது என்று நான் சத்தியம் செய்யப்போன விஷயத்தை எனக்கு மாதாமாதம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். வாக்குமூலத்தை ஒப்பம் வைக்காமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

4. சத்தியம்

விசாரணை வீடியோவில் நடந்தது. திரையில் எக்ஸாமினரும் மாநிலத்து வக்கீலம்மா ஒருவரும் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ரவி அண்ணை டை கட்டிக்கொண்டு இருந்தார். வாக்குமூலம் ஒப்பமில்லாமல் என் கைப்பைக்குள் கிடந்தது. வருடாந்தப் பத்திரத்தில் சொன்னபடி பரிசீலித்தீர்களா என்று வக்கீலம்மா கேட்டார். இல்லை என்றேன். ரிப்போர்ட் வந்ததா? வந்தது. படித்தீர்களா? இல்லை. மேசைக்குக் கீழே ரவி அண்ணையின் சப்பாத்து என் காலை மிதித்தது.

எக்ஸாமினர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்த அம்மா தனக்குத் தெரிந்த நூற்றுப் பதினான்கு பேருக்குப் பிணை நின்றிருக்கிறார். நீங்கள் வருசா வருசம் கையெழுத்து வைத்து எல்லா வாடிக்கையாளருக்கும் நின்றிருக்கிறீர்கள். அதில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?

ஒருத்தரையும் தெரியாது என்று சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. கம்பெனிக்கு அபராதம். எல்லாருடைய அடையாளமும் மறுபடி எடுத்த பிறகு லைசென்ஸ் திரும்பும். செல்வி அன்ரிக்குப் பயிற்சியும் எச்சரிக்கையும் கொடுத்தார்கள், வேலை தப்பியது. எனக்கு ஐந்து வருசத் தடை. மாநிலத்து இணையத்தளத்தில் என் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. ரவி அண்ணை என்னைப் போகச் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டார்.

அன்ரி நூற்றுப் பதினான்கு பேருக்கும் போன் எடுத்துப் படங்களை வாங்கிக் கொடுத்தார். அத்தனை பேரும் அன்ரி சொன்ன ஆட்களேதான், ஒருவர்கூட மாறவில்லை. இதை மாநிலத்துக்கு எழுதிப் பார்த்தோம். கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. சரியாக இருப்பது இந்தத் தொழிலில் சாட்சி ஆகாது.

கடைசி நாள் என் சாமானை எடுக்கப் போனபோது அன்ரியிடம் போய் நின்றேன். என் வேலையைக் கொடுத்து அவரைக் காப்பாற்றியவள் நான். ஒரு நன்றியாவது வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. அவர் போனை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உமக்கு வந்த அந்த ரிப்போர்ட்டை நீர் முதல் மாசமே வாசிச்சிருந்தா எனக்கு வந்து சொல்லியிருப்பீர் பிள்ளை. நானும் ஆறு பேரோட நிப்பாட்டியிருப்பன்."

அடுத்த போன் அடித்தது. அவர் எடுத்து, முதலில் ஐடியின் படத்தை அனுப்பச் சொன்னார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் பெரிய புத்திமதி ஒன்றும் சொல்லப் போவதில்லை. மாதாமாதம் வருகிற அந்த ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். முதல் வரியில் இருப்பது உங்களுக்குத் தெரிந்த ஆளாக இருக்கலாம்.