ஒரு தட்டு கழுவின தண்ணி

போன கோடையில எங்க போர்ல காலையில அரை மணி நேரம்தான் தண்ணி வந்துச்சு. அப்புறம் வெறும் காத்து. பென்னலூர் பக்கம் ரெண்டு குடோன் சுவருக்கு நடுவுல எனக்கு இருக்கறது இருபத்திநாலு சப்போட்டா மரம். என் வீட்டுக்காரி லில்லி வெச்சது. அவ கர்த்தருக்குள்ள நித்திரையாகி ரெண்டு வருஷம் ஆவுது. மரமும் போச்சுன்னா அவ கை பட்டதுன்னு சொல்ல எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல.

தனிமைன்னா இன்னான்னு சொல்றேன். காலையில ஷிப்டு பஸ் ஹாரன், சாயங்காலம் திரும்ப அதே ஹாரன். நடுவுல என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்ல. ஒரு தட்டு, ஒரு டம்ளர். சர்ச்சுல கடைசி பெஞ்சு. ஆராதனை முடியற ஆசீர்வாதம் சொல்றதுக்குள்ள கெளம்ப செருப்பைத் தேடிடுவேன். யாராவது எப்படி இருக்கீங்கன்னு கேட்டா அழுதுடுவேனோன்னு பயம்.

ஓசூர்ல இருக்கற மவன் போன் பண்ணான். "அங்க யாருக்காகப்பா காவல் காக்கற? வித்துட்டு வந்துடு." எனக்குக் கோவம். "ஆடி முடியறதுக்குள்ள மரம் தழைக்கலன்னா நானே கையெழுத்து போடறேன், போடா"ன்னு வாயை வுட்டுட்டேன்.

நான் ஒரகடத்துல ஒரு கம்பெனியில பதினாலு வருஷம் மெயின்டனன்ஸ் ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். பைப் வேலையில எவனும் எனக்குச் சொல்லித்தர வேணாம்னு ஒரு திமிர். காலைத் தண்ணியைப் பிடிச்சு வெக்க உசரமா ரெண்டு டேங்க் ஏத்தினேன். சொட்டுநீர் பைப் இழுத்து, ஒவ்வொரு மரத்துக்கும் தண்டை ஒட்டி ரெண்டு டிரிப்பர். தினம் கொஞ்ச நேரம் திறந்து வுடுவேன். ஒரு ஜாயின்ட் ஒழுகல. அப்படியும் இலை மஞ்சளாச்சு, பிஞ்சு கொட்டுச்சு. எனக்கு ஒண்ணும் விளங்கல.

லில்லி ஜெபம் பண்ற கல்லு ஒண்ணு, வாசல் பக்க மரத்தோட நிழல் முடியற இடத்துல கெடக்குது. அவ போனப்புறம் நான் அதுல உட்கார்ந்ததே இல்ல. அன்னிக்கு உட்கார்ந்தேன். "ஆண்டவரே, எனக்கு ஜெபிக்க வராது. அவ பண்ணுவா, நான் ஆமென் சொல்லுவேன். இந்த மரத்தையாவது வுட்டுவைங்க. நான் ஒண்டியா கீறேன்." அவ்ளோதான் சொன்னேன். மழை வரல.

அதுக்கப்புறம் தினம் மத்தியானம் அங்கயே சாப்பிட்டு, ஜெபிச்சு, அழுத மூஞ்சியையும் தட்டையும் கல்லு ஓரமாவே கழுவிட்டு எழுந்துருப்பேன்.

வைகாசியில ஒருநாள் தலை நிமிர்ந்து பாக்கறேன், அந்த வாசல் பக்க மரத்துல மட்டும் தளிர். யார்கிட்டயாவது சொல்லியே ஆவணும். லில்லியோட ஜெபக்குழுவுல இருந்த எஸ்தர் சிஸ்டருக்கு வாலாஜாபாத்துல கொய்யாத் தோட்டம். அவங்க நம்பர் லில்லி போன்ல இருந்துச்சு. ரெண்டு வருஷத்துல நானா ஒருத்தருக்குப் போன் பண்ணது அதான் மொதல் தடவை.

சிஸ்டர் வந்தாங்க. மரத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னாங்க. அப்புறம் நான் தட்டு கழுவற ஈரத்தைக் கையாலயே தோண்டினாங்க. உள்ள நூல் நூலா வேர்.

"இன்னாண்ணே, வளர்ந்த மரம் தண்ணி குடிக்கற வேரு இங்க கீது. நீங்க தண்டுகிட்ட ஊத்திகினு கீறீங்க?"

"செடியா இருந்தப்போ அங்கதானே ஊத்தினோம்"னேன்.

"அது செடியாவே இருக்குமா? தினம் மரத்தோட நாக்கை மட்டும் நனைக்காதீங்க. பாதித் தோட்டத்துக்கு இன்னிக்கு, மீதிக்கு நாளைக்கு. வுட்டா ஆழமா வுடுங்க."

மறுநாளே பைப்பைக் கழட்டி, நிழல் விழற ஓரமா மத்த ஒவ்வொரு மரத்தையும் சுத்திப் போட்டேன். சருகை அள்ளி மேல மூடினேன். டேங்க் தண்ணியை முறை வெச்சு வுட்டேன். ஆடி முடியறதுக்குள்ள இருபத்திமூணு மரம் தழைச்சுது. ஒண்ணு போச்சு. மவன் வந்து பார்த்தான். கையெழுத்துப் பேச்சை எடுக்கல.

வேர் இருந்த இடத்துல தண்ணி வுழுந்துச்சு, இதுல என்ன அதிசயம்னு கேக்கலாம். சரிதான். ஆனா என்னை அந்தக் கல்லுல உட்கார வெச்சது யாரு? ஊமையாக் கெடந்தவனைப் போன் எடுக்க வெச்சது யாரு? நான் மரத்தைத்தான் கேட்டேன். ஒண்டியா கீறேன்னு சொன்னதையும் கர்த்தர் காதுல வாங்கியிருக்கார்.

தனிமை போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். சாயங்கால ஹாரன் அடிக்கறப்போ இன்னும் வாசலைப் பாக்கறேன். ஆனா இப்போ வாயைத் திறந்து சொல்றேன். என்னை மாதிரி செருப்பைத் தேடறவங்க இந்தச் சபையில யாராவது இருந்தா, ஆண்டவர்கிட்டயும் சொல்லுங்க, பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்ககிட்டயும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஜெபம் இப்போ அந்தக் கல்லுகிட்டதான். வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம். அந்தக் கல்லு ஓரத்து மரத்துக்கு மட்டும் நான் திரும்பப் பைப் போடல. வர்றவங்க தட்டு கழுவற தண்ணியே அதுக்குப் போதும்.