யேசுரத்தினம் வெட்டிய கேஸ்கட்

எங்கள் பட்டறைச் சுவரில் ஏழு வருஷம் ஓர் ஆணியில் ஒரு பழைய கேஸ்கட் தொங்கியது, எண்ணெய் கசியாமல் எஞ்சின் மூடிக்கு அடியில் வைக்கிற பட்டை. மாட்டியபோது ஊறிப்போய்க் கொழகொழவென்று இருந்தது. பிறகு காய்ந்து, சுருங்கி, கறுத்தது. வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். அப்பா சொன்னதில்லை. "அது செஞ்ச ஆளு சொல்லணும். நான் சொல்லப்பிடாது" என்பார்.

அப்பாவின் பெயர் தங்கையன். அருமனையில் கார் மெக்கானிக். கோபக்காரர். கோபம் வந்தால் ஸ்பானரை ரப்பர்த் தோட்டத்துக்குள் எறிவார். எறிந்த கையோடு அது எங்கே விழுந்தது என்றும் பார்த்துவைத்துக்கொள்வார். அழுக்கு எஞ்சினில் கைவைக்க மாட்டார். "முகம் கழுவாத ஆளுக்க பல்லப் பிடுங்கலாமா?" என்று வண்டிக்காரரிடமே கேட்பார். அதற்காகவே சிலர் வேறு பட்டறைக்குப் போனார்கள். அவர் கவலைப்படவில்லை. தன் வேலையைக் குறைசொன்னால் மட்டும் அவருக்குத் தாங்காது.

2006-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது யேசுரத்தினம் குறைசொன்னார்.

யேசுரத்தினம் ரப்பர்த் தோட்டக்காரர், எங்கள் சபையின் செயலாளர். அறுபத்துநாலாம் வருஷத்து கறுப்பு அம்பாசடர் வைத்திருந்தார். சபையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பெண் அந்த வண்டியில்தான் வந்து இறங்கும். அதன் எஞ்சினை இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழுசாகப் பிரித்துப் பூட்டியது அப்பா. அன்றைக்கு அந்த வண்டி, புதிதாக டைல்ஸ் போட்ட முகப்பில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெயை விட்டிருந்தது.

"ஓய் தங்கையா, இஞ்ச வாரும். நீரு எஞ்சின் பூட்டின லெச்சணத்தப் பாரும். கர்த்தருக்க வாசல்ல அபிஷேகம் பண்ணிக் கிடக்கு!"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"நாகர்கோவில்ல பெரிய பட்டறையில காட்டினேன். பின்பக்கம் கிராங்க் வழியா ஒழுகுதாம். எஞ்சின இறக்கணுமாம். எந்த மடையன் பூட்டினதுன்னு கேக்கான் அவன்."

அப்பா குனிந்து எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"வண்டிய நாளைக்கு விடுங்க முதலாளி. எனக்க தப்புன்னா இனி நான் ஸ்பானர் தொடல்ல. எனக்க தப்பு இல்லன்னா, அடுத்த ஞாயிறு இதே இடத்துல, இவ்வளவு பேரு முன்ன நீங்க வாயால சொல்லணும்."

"ஆகட்டும் ஓய், சொல்லுகேன்."

இந்த 'சொல்லுகேன்' ஒன்றுதான் அப்பாவுக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் டிரைவர் பொன்னுலிங்கம் வண்டியைக் கொண்டுவந்தார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பார்க்கிற யாருக்கும் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு வழியாக என்றுதான் தோன்றும். அப்பா அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. "சொட்டுக இடத்தயா பாக்கது? எண்ணெ மேல இருந்துதானே இறங்கும்" என்று நாகர்கோவில்காரனைத் திட்டிக்கொண்டே எஞ்சினை மேலிருந்து கீழ்வரை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். துணியால் துடைத்து வெயிலில் காயவிட்டார். அடியில் இருக்கிற சின்ன மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். கிராங்க் ஒழுகினால் அங்கே எண்ணெய் நிற்கும். விரல் காய்ந்தே வந்தது.

பிறகு வீட்டைப் பார்த்து என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்: "பிள்ளே, உனக்க பவுடர் டப்பாவும் கைக்கண்ணாடியும் எடுத்துட்டு வா!"

அம்மா குளோரி வாசலில் வந்து நின்றாள். "பெத்த பிள்ளைக்கு இல்லாத சிங்காரம் எஞ்சினுக்கா?"

"நீ போட்டி உள்ள."

டப்பாவில் பாதியைக் கொட்டி எஞ்சினை வெள்ளையாக்கினார். வண்டியைச் சிதறால் மலையடிவரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து பானட்டைத் திறந்தார். எக்ஸாஸ்ட் குழாய்க்கு அடியில் கண்ணாடியை நுழைத்து டார்ச் அடித்தார். வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு. எஞ்சினின் பக்கவாட்டில், பின்பக்கத் தகர மூடியின் விளிம்பில் தொடங்கி, எஞ்சின் உடம்போடு ஒட்டி இறங்கி, கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் வந்து சொட்டியது. கிராங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சூடு ஆறியதும் கார்புரேட்டரையும் குழாய்களையும் கழற்றி, அந்தத் தகர மூடியின் ஒற்றை போல்ட்டைத் திருகி எடுத்தார். கார்க் கேஸ்கட் இருக்கவேண்டிய இடத்திலிருந்து, பாலில் ஊறிய ரொட்டி மாதிரி எதுவோ பிய்ந்து வந்தது. அதன்மேல் ரோலரின் வரிகள் தெரிந்தன. அருமனையில் பிறந்த யாருக்கும் அது என்னவென்று சொல்லித்தர வேண்டாம். ரப்பர் ஷீட். தோட்டத்தில் பால் எடுத்து, உறையவைத்து, உருட்டி, புகைபோட்டு விற்கிற அதே ஷீட். எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும் என்பது அதை விற்கிறவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்பா ஸ்பானரை எறியவில்லை. பொன்னுலிங்கத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், "இது ஆரு வச்சது?"

பொன்னுலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, நான் சொன்னேன்னு வெளிய தெரியப்பிடாது. எனக்க வேல போவும். போன மாசம் எக்ஸாஸ்ட் வெல்டு பண்ணக் கழத்தினோம். அந்தால மூடியில லேசா ஈரம் இருந்து. முதலாளிதான் கத்திரிக்கோல் வச்சு வெட்டித் தந்தாரு. 'கடைக் கார்க்கு பொடிஞ்சுபோவும், எனக்க ஷீட்டு நூறு வருஷம் கிடக்கும்'னாரு. நல்லா முறுக்குலேன்னாரு, முறுக்கினேன்."

முறுக்கியதில் மூடி குழிந்திருந்தது. அப்பா அதை இரும்புத் தட்டில் வைத்துத் தட்டித் தட்டி நேராக்கினார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு. எண்ணெய்த் தொட்டியையும் இறக்கினார். உள்ளே வடிகட்டியில் ரப்பர்த் துணுக்குகள் ஒட்டியிருந்தன. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் எண்ணெய் ஏறாமல் எஞ்சினே இறுகி நின்றுபோயிருக்கும். புது கார்க் வைத்து, போல்ட்டை அளவாகப் பிடித்து, மறுபடியும் கழுவி, பவுடர் போட்டு, ஓட்டிப் பார்த்தார். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

சனிக்கிழமை யேசுரத்தினம் வந்தபோது அப்பா அந்தக் கேஸ்கட்டை அவர் கையில் வைத்தார். அவர் உடனே கீழே போட்டுவிட்டுக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"சரியாச்சில்லா, விடும் ஓய்."

"நாளைக்குச் சொல்லணும் முதலாளி."

"பாப்போம்."

மறுநாள் கோயில் வாசலில் யாரோ வண்டியைப் பற்றிக் கேட்டார்கள். "ஆமா, தங்கையன் சரியாக்கிட்டான்" என்றார் யேசுரத்தினம். அவ்வளவுதான். கெடுத்தவனே சரியாக்கினான் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அப்பா இரண்டடி தள்ளி, வேதபுத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களே சொன்னா என்ன?" என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டாள்.

"நான் சொன்னா அது சாக்கு. பொன்னுலிங்கத்துக்க சோறும் போவும். அவருக்க வாயால வரட்டும்."

வரவில்லை. ஏழு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா அந்த வாசலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். என்ன பொறுமை அது! எனக்கு இப்போதும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. யேசுரத்தினத்தின்மேல் மட்டும் இல்லை, அப்பாவின்மேலும்.

2013-இல் அப்பா இறந்தார். கல்லறைத் தோட்டத்துக்கு யேசுரத்தினம் அதே அம்பாசடரில் வந்தார். பொன்னுலிங்கம் அதற்குள் வேலையை விட்டு மகனோடு இருக்கப் போய்விட்டிருந்தார், வண்டிக்கு வேறு டிரைவர். குழி அருகே போதகர் மைக்கைக் கொடுத்ததும் யேசுரத்தினம் செயலாளராகப் பேசினார்: "தங்கையன் கை பட்ட வண்டி ஒரு சொட்டு ஒழுகாது. இப்படி ஒரு வேலைக்காரன் இனி இந்த ஊருக்குக் கிடைக்கமாட்டான்."

அம்மா முந்தானையை அவிழ்த்தாள். ஆணியிலிருந்து எப்போது எடுத்துவந்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேஸ்கட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

"இது என்னன்னு சொல்லிட்டு மண்ணு போடுங்க."

"குளோரி, இந்த நேரத்துலயா..."

"இந்த நேரத்துலதான். அவரு கேட்டது இது ஒண்ணுதான்."

யேசுரத்தினம் அம்மாவைப் பார்த்து முணுமுணுத்தார்.

"எனக்கிட்ட இல்ல. மைக்குல சொல்லுங்க" என்றாள் அம்மா.

"இது நான் வெட்டினது" என்றார் அவர். மைக் கரகரத்தது. "எனக்க ஷீட்டு. ஒழுகினதுக்குத் தங்கையன் காரணமில்ல."

அம்மா கேஸ்கட்டைக் குழிக்குள் போட்டாள். அதன்மேல் முதல் கைப்பிடி மண்ணையும் அவளே போட்டாள்.

எல்லோரும் போனபிறகு வெளியே அம்பாசடர் நின்ற இடத்துக்குப் போனேன். அவருக்குப்போய் அப்பா அப்படிப் பூட்டிக்கொடுத்தாரே என்ற ஆத்திரத்தில், ஒரு சொட்டாவது கிடக்காதா என்று குனிந்து தேடினேன். மண் காய்ந்து கிடந்தது.