ஐப்பசி வெள்ளமும் என் காபி கிளப்பும்

முருகனடியார்களே, எனக்கு நடந்ததை உள்ளபடி சொல்கிறேன்.

அது யுத்தகாலம். ஐப்பசி மாதம். தருமபுரி கடைவீதியில் காபி கிளப் நடத்திவந்தேன். மாடியில் வெளியூர்க்காரர்கள் தங்க நான்கு அறைகள். என் மனைவி தங்கம் மூன்று வயது மகளோடு நல்லம்பள்ளிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மழை விடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில், அந்த ஊர் ஏரி உடைந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

ஓடினேன். வழியில் ஓடை கரைபுரண்டு போனது. இரண்டு முறை இறங்கினேன். இரண்டு முறையும் ஊரார் என்னை இழுத்துக் கரையில் போட்டார்கள். அழுதுகொண்டே திரும்பினேன்.

கடை வாசலில் முப்பது பேர் நனைந்து நின்றார்கள். பக்கத்துச் சேரியில் குடிசைகள் விழுந்துவிட்டன. அவர்களை நான் ஒருநாளும் உள்ளே விட்டதில்லை. கொல்லைப்புறத்தில், கொட்டாங்குச்சியில்தான் காபி.

"உள்ள வுட்டீங்கன்னா அப்புறம் ஒருத்தரும் சாப்புட வரமாட்டாங்க" என்றார் சமையல்காரர்.

நான் முருகன் படத்தின் முன் விழுந்தேன். "அப்பனே, எம் பொண்டாட்டி புள்ளைக்கு யாராச்சும் கதவத் தொறக்கணும்!"

அப்போது வாசலில் ஒரு பெண்ணின் குரல். "சாமி, பச்சப்புள்ளைக்கு மட்டும் ஒரு மூலை குடுங்க. நாங்க மழையிலயே நிக்கிறோமுங்க."

நான் கேட்டதைத்தானே அவளும் கேட்கிறாள்! எழுந்து கதவை விரியத் திறந்தேன். "எல்லாரும் மாடிக்குப் போங்க" என்றேன். தயங்கினார்கள். குழந்தையை நானே வாங்கிக்கொண்டு முன்னே நடந்தேன்.

சமையல்காரர் துண்டை உதறிவிட்டுப் போய்விட்டார். நான் கிண்டிய களி கட்டிகட்டியாக வந்தது. பெண்கள் சிரித்துவிட்டுக் கோலைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாட்டுவண்டியில் தங்கம் வந்து இறங்கினாள், மகளோடு. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"வூடு இடிஞ்சிருச்சுங்க. மேட்டுச் சேரிக்காரர் ஒருத்தரு இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு வந்து எங்களத் தூக்கிட்டுப் போனாரு. அவங்க வூட்டுலதான் மூணு நாளும் சாப்புட்டோம்" என்றவள், பயந்துகொண்டே கேட்டாள்: "தப்புங்களா?"

மாடியைக் காட்டினேன். அங்கிருந்து முப்பது பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய வாடிக்கைக்காரர்கள் பலர் வருவதை நிறுத்தினார்கள். பல மாதம் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. நான் கலங்கவில்லை. இன்று என் கடையில் எல்லோருக்கும் ஒரே தம்ளர், ஒரே பெஞ்சு.

நீங்களும் முருகனிடம் மனம்விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.