தோணி பின்வாங்கிய நேரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் கண்டியில் ஒரு கல்லூரியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை முடிந்து என்னைக் கொண்டுபோய் விடுவதற்காக, தெல்தெனியவில் பாக்கு வியாபாரம் செய்த வாப்பாவும் கூட வந்தார். பாலத்தால் சுற்றிப்போக நேரமாகும் என்று மகாவலித் தோணித்துறைக்குப் போனோம். ஆறு கலங்கி, கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் ஏறிய தோணி மறுகரையை நெருங்கிவிட்டது. தோணிக்காரர் இன்னும் கயிற்றைக் கட்டவில்லை. அதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டது. முன்பக்கம் நின்ற இரண்டு பேர் கரைக்குப் பாயத் தயாரானார்கள். அவர்களுக்குப் பின்னால் வாப்பாவும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்து வா மகன், வழுக்கும்."

முன்னால் நின்ற இருவரும் பாய்ந்தார்கள். தோணி சட்டென்று பின்னால் போனது. கரைக்கும் தோணிக்கும் நடுவில் வாப்பா விழுந்தார். நான் நீட்டிய கையில் எதுவும் அகப்படவில்லை.

மறுநாள்தான் ஆற்றில் வாப்பாவின் மையித்து கிடைத்தது.

அடக்கம் முடிந்த பின், பாய்ந்தவர்களில் ஒருவர் வீடு தேடி வந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர். வாசலிலேயே நின்று அழுதார்.

"நான் தள்ளலைங்க தம்பி. கரையப் பாத்துத்தான் குதிச்சேன். தோணி தன்னால பின்னுக்குப் போயிருச்சுங்க."

உதைக்காமல் தோணி எப்படிப் போகும்? நான் நம்பவில்லை. அவர் மழையில் நனைந்தபடியே திரும்பிப் போனார்.

கல்லூரிக்குத் திரும்பிய சில வாரங்களில் பௌதிக ஆசிரியர் உந்தக் காப்பு விதியைத் தொடங்கினார். கரும்பலகையில் ஒரு தோணியையும் அதிலிருந்து பாயும் மனிதனையும் வரைந்தார். பாய்பவனுக்கு முன்னோக்கி எவ்வளவு உந்தமோ, தோணிக்கும் அவ்வளவு பின்னோக்கி. துப்பாக்கி சுடும்போது தோளில் இடிப்பதும் இதனால்தான் என்றார். பின்னால் நின்றவன் தண்ணீரில் விழுவதையும் வரைந்தார். வகுப்பே சிரித்தது. என் விஷயம் அவருக்குத் தெரியாது.

நான் எழுந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர் சொன்னது உண்மை. அவரை வெறுத்துத்தான் அதுவரை நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். இனி அதற்கும் வழியில்லை.

அடுத்த விடுமுறையில் அவருடைய தோட்டத்துக்குப் போனேன். வேலை குறைந்ததால் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார் என்றார்கள்.

வாப்பா ஏன் விழுந்தார் என்று இன்று யார் கேட்டாலும் என்னால் தெளிவாக விளக்க முடியும். ஆனால் விளங்கிக்கொண்டதால் மனம் ஆறிவிடும் என்பதை மட்டும் நான் இதுவரை கண்டதில்லை.